உப்புக் காற்றும் பழைய காரும்

ஒரு மோட்டார் காரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அது ஓடும் அழகையே பேசுவர். "எத்தனை மைல் வேகத்தில் போகும்? ஒரு கலன் பெற்றோலுக்கு எத்தனை மைல் ஓடும்?" என்பனவே வழக்கமான வினாக்கள். "மிதித்தால் நிற்குமா? திருப்பினால் திரும்புமா?" என்று கேட்பவர் மிகச் சிலர். ஓடாத கார் வீட்டு வளவிலே நின்று நம் பொறுமையைச் சோதிக்கும்; அவ்வளவே. நிற்காத காரோ உயிரையே சோதித்துவிடும். ஆகவே, பழைய காரொன்றை வைத்திருக்கும் குடும்பம் முதலிற் கவனிக்க வேண்டியவை இயந்திரமும் வர்ணமும் அல்ல, பிரேக்கும் ஸ்டியரிங்குமே.

இவ்வாரம் இவ்விரண்டையும் வீட்டிலேயே பேணும் முறையை எடுத்துக்கொள்வோம். சிறப்பாக, மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் வாழும் குடும்பங்களை மனத்திற்கொண்டு எழுதுகின்றோம். கண்டியிலோ குருநாகலிலோ உள்ள ஒரு பழைய காருக்கு இல்லாத பகையொன்று மன்னார்க் காருக்கு உண்டு. அப்பகை உப்பு.

தள்ளாடியைக் கடந்து மன்னார் நகருக்குள் நுழையும் தாம்போதியை அறியாதவர் இலர். இருபுறமும் ஆழமற்ற கடல்; நடுவே நேராக நீண்டு கிடக்கும் வீதி. பழைய பாலம் 1990இல் போரிலே தகர்ந்தது. இன்று நாம் கடந்து செல்லும் புதிய பாலம் 2010இல் திறக்கப்பெற்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அவ்வீதியிற் செல்லும் வண்டியைக் காற்று பக்கவாட்டிலே தள்ளுவதை ஸ்டியரிங் பிடித்த கைகள் நன்கு உணரும். அக்காற்றின் வலிமையை நம்பித்தான் 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் தீவின் தென்கரையிலே முப்பது காற்றாலைகள் கொண்ட மின் நிலையம் தொடங்கி வைக்கப்பெற்றது. மின்சாரம் தரும் அதே காற்று, கடல்நீரின் நுண்துளிகளையும் சுமந்து வந்து நமது கார்களின் அடிப்பாகத்தில் அப்பிவிட்டுச் செல்கின்றது.

இன்னொன்றும் உண்டு. மன்னார் வீதிகளிலே கழுதைகள் தம் விருப்பப்படி உலவும். இரவில் விளக்கொளி படும்போதும் அசையாது நடுவீதியில் நிற்கும். ஒலிப்பானுக்கு வழிவிடும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. பக்கக் காற்றும் நடுவீதிக் கழுதையும் உள்ள ஊரிலே, திரும்புவதும் நிற்பதும் நூற்றுக்கு நூறு செம்மையாக இருத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பழைய கார் என்றால் எது?

பழைய கார் என்றவுடன் இலங்கையர் நினைவிலே முதலில் வருவது மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த அக்கார் 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே அறிமுகமாயிற்று. 1960ஆம் ஆண்டின் இறுதியில், பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையைப் பெற்றது. 1971 வரை அவ்வினத்து வண்டிகள் செய்யப்பட்டன. ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர், வணிகர் எனப் பலரும் இலங்கையிலே அதனை விரும்பி வாங்கினர். பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது, இருந்த வண்டியைக் காப்பதே வழி என்றாயிற்று. 1990களின் தொடக்கத்தில், இவ்வண்டிக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலும் முளைத்தது. அண்மையில், 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அவ்விடைக்காலத்திற் பழைய கார்களின் மதிப்பு உயர்ந்ததை யாவரும் கண்டோம்.

ஆகவே மொரிஸ் மைனரையே உதாரணமாகக் கொண்டு எழுதுகின்றோம். ஒஸ்ரின் முதலிய அக்காலத்து வண்டிகளை வைத்திருப்போரும் இதிற் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். அளவுகளை மட்டும் தத்தம் வண்டியின் கைநூலிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

உப்பு என்ன செய்கின்றது?

மாணவர்கள் இதனைக் கூர்ந்து கவனிப்பார்களாக. உலர்ந்த உப்பு இரும்பை அவ்வளவாகத் தின்பதில்லை. ஆனால், காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டியவுடன், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரைத் தானே உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அடுக்களையிலே மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதன் காரணம் இதுவே. கடற்கரையில் இரவு தோறும் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே, பகலில் காரின் அடியில் உலர்ந்து கிடக்கும் உப்புப்படலம் இரவில் உப்புநீர்ப் படலமாகின்றது. உப்புநீர் மின்னை எளிதிற் கடத்தும். இரும்பு துருப்பிடித்தல் என்பது ஒரு சிறிய மின்கலத்தின் வேலையைப் போன்றதாகையால், அவ்வேலை விரைவாக நடைபெறுகின்றது. மழையே பெய்யாத மாதத்திலும், தாம்போதிப் பக்கமே போகாத காரிலும், பிரேக் குழாய்கள் துருவேறும் மாயம் இதுதான்.

இதற்கு மருந்து எளியது. நல்ல தண்ணீர். வாரம் ஒருமுறை காரின் அடிப்பாகத்தையும், சில்லுகளின் உட்புறத்தையும் நன்னீரால் அலசிவிடுதல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: தீவிலே பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. வாயில் வைத்தால் கரிக்கும் நீரால் காரைக் கழுவுவது, புண்ணுக்கு உப்பிட்டுக் கட்டுவதை ஒக்கும். குடிக்கத்தக்க குழாய்நீரோ சேமித்த மழைநீரோ இரண்டு வாளி போதும். கழுவிய பின்னர் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை மெல்ல மிதித்து, உள்ளே புகுந்த ஈரத்தை உலர்த்திய பின்னரே காரை நிறுத்தி வைத்தல் நலம்.

பிரேக் எப்படி நிறுத்துகின்றது?

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. நமது கால் மிதியை அழுத்துகின்றது. மிதி நெம்புகோலாகி அவ்விசையைப் பெருக்கி, முதன்மை உருளையிலுள்ள ஆடுதண்டைத் தள்ளுகின்றது. ஆடுதண்டின் பரப்பு நான்கு சதுர சென்ரிமீற்றர் என்றும், அதன்மேல் விழும் விசை நூறு கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது திரவத்தின் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு இருபத்தைந்து கிலோ. அதே அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் சென்று, அங்குள்ள சிற்றுருளைகளைத் தள்ளுகின்றது. சிற்றுருளையின் பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றரானால், அது தள்ளும் விசை நூற்றைம்பது கிலோ ஆகும். அவ்விசை பிரேக் கட்டைகளை, சுழலும் உருளியின் உட்சுவரோடு அழுத்த, உராய்வினால் கார் நிற்கின்றது. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பேர்க் கார், நான்கு சில்லுகளுக்கும் இத்தகைய திரவப் பிரேக்கைக் கொண்டு வெளிவந்தது. லொக்ஹீட் என்ற பெயரை இன்றும் பழைய பிரேக் பாகங்களிற் காண்கின்றோம். அது இம்முறையை உருவாக்கியவரின் பெயர்.

மேற்கூறிய கணக்கு அழகானதுதான். ஆயினும் அதனுள்ளே ஓர் அபாயம் ஒளிந்திருக்கின்றது. இக்காலத்துக் கார்களிலே திரவப்பாதை இரண்டாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று கெட்டாலும் மற்றது நிறுத்தும். மொரிஸ் மைனர் காலத்து வண்டிகளிலே பாதை ஒன்றே. நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவம், ஒரே அழுத்தம். பின்சில்லுக்குச் செல்லும் குழாயிலே ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும், மிதி அடிவரை சென்றுவிடும். நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே. அதுவும் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். துருப்பிடிக்கும் குழாயும் ஒற்றைப் பாதையும் ஒருங்கே சேருவதுதான் மன்னாரிற் பழைய கார் வைத்திருப்போர் மறக்கலாகாத செய்தி.

வேகத்தின் கணக்கையும் ஒருங்கே நினைவிற் கொள்க. மணிக்கு 25 மைல் வேகத்திற் செல்லும் காரை நிறுத்தத் தேவையான வேலையைப் போல், 50 மைல் வேகத்திற் செல்லும் அதே காரை நிறுத்த நான்கு மடங்கு வேலை தேவை. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் இருமடங்கன்று, நான்கு மடங்கு.

வாரம் ஒரு நோட்டம்

வீட்டிற் செய்யத்தக்க முதல் வேலை பார்ப்பதுதான். அதற்கு ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மின்சூள் போதும்.

காரை எடுப்பதற்கு முன் மிதியைக் காலால் அழுத்திப் பாருங்கள். கல்லை மிதித்தாற்போல் உறுதியாக நிற்பின் நன்று. பஞ்சை மிதித்தாற்போல் இருப்பின் திரவத்தினுள் காற்றுப் புகுந்திருக்கின்றது. திரவம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். அழுத்தியபடியே ஒரு நிமிடம் வைத்திருக்கும்போது மிதி மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிகின்றது, அல்லது முதன்மை உருளையின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கின்றது. முதல் மிதிக்குத் தாழ்ந்து, இரண்டாம் மூன்றாம் மிதிக்கு உயர்ந்து வந்தால், கட்டைகளுக்கும் உருளிக்கும் இடையே வெளி கூடியுள்ளது; அவற்றை நெருக்குதல் வேண்டும்.

அடுத்து, நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் டயரின் பக்கங்களையும் பாருங்கள். ஈரக்கறை தென்படுகின்றதா? பின்னர், குனிந்து குழாய்களைப் பாருங்கள். உருக்குக் குழாய் சொரசொரத்துச் செதில் செதிலாக இருந்தால், அதனை நம்பலாகாது. சுரண்டி வர்ணம் பூசுவதும் பரிகாரமன்று. மாற்றியே ஆகவேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாற் செய்த குழாய்கள் கிடைக்கின்றன. உப்புக் கரைக்கு அவை உருக்கினும் நெடுங்காலம் உழைக்கும். சில்லுகளுக்கு அருகேயுள்ள ரப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். வெளியே வெடிப்பின்றி உட்புறம் வீங்கி அடைபடுவதும் உண்டு. காலை எடுத்த பின்னரும் ஒரு சில்லு மட்டும் பிடித்தபடியே சூடேறுமானால், அதற்குச் செல்லும் ரப்பர்க் குழாயையும் ஐயுறுதல் வேண்டும்.

மொரிஸ் மைனரில் முதன்மை உருளை, ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கின்றது. விரிப்பை நீக்கி, சிறு மூடியைத் திறந்தால் திரவம் ஊற்றும் வாயைக் காணலாம். கண்ணுக்குத் தெரியாத இடமாகையால் பலர் ஆண்டுக்கணக்கில் அதனை மறந்துவிடுகின்றனர். திறப்பதற்கு முன் சுற்றிலுமுள்ள மணலையும் தூசியையும் துடைத்தெடுத்தல் மிக அவசியம். உள்ளே விழும் ஒரு மணற்பரல் ரப்பர் வளையத்தைக் கீறிவிடும். மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபடாதிருக்கவும் வேண்டும். திரவ மட்டம் அடிக்கடி குறையுமானால், ஊற்றி நிரப்பி அமைதி அடையலாகாது. குறைந்த திரவம் எங்கே போயிற்று என்று தேடுதலே அறிவுடைமை.

திரவத்தைப் பற்றிச் சில சொற்கள்

பிரேக் திரவம் எண்ணெய் அன்று. இயந்திர எண்ணெயையோ, மண்ணெண்ணெயையோ, தேங்காயெண்ணெயையோ அவசரத்துக்கென்று ஒரு துளி ஊற்றினாலும், ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். பின்னர் அத்தனை வளையங்களையும் குழாய்களையும் மாற்ற நேரிடும்.

இத்திரவம் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே, திறந்து வைத்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்திருத்தல் தகாது. நான்காம் தரத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 பாகை சென்ரிகிரேட்டுக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஈரம் ஏறியபின் அது 155 பாகைவரை இறங்கலாம். மன்னார் சமதரை, நீண்ட இறக்கம் இல்லை, பிரேக் கொதிக்குமளவு சூடேறுவது அரிது. ஆனால் உறிஞ்சிய நீர் உருளைகளின் உட்சுவரைத் துருவாக்கும். அதுவே இங்கு முதற்கேடு. இரண்டாம் கேடு, விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா சென்று, இறம்பொடை வழியாக இறங்கும்போது வெளிப்படும். சமதரையில் மூன்றாண்டு தொல்லை தராத பழைய திரவம், மலைச்சரிவிலே கொதித்து ஆவியாகி, மிதியை வெறுமையாக்கிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவம் முழுவதையும் மாற்றுவோருக்கு இவ்விரு கேடும் இல்லை.

வேலை தொடங்குமுன்

காரின் கீழே கைவைக்கும் எவரும் முதலில் அறியவேண்டியது இது: தூக்கியை, அதாவது ஜாக்கை, மட்டும் நம்பிக் காரின் கீழே தலையை நீட்டுதல் கூடவே கூடாது. மன்னாரின் மணற்றரையிலே ஜாக் சாய்வதற்கு ஒரு நொடி போதும். சீமெந்துத் தரையில் அல்லது தடித்த பலகையின்மீது வைத்து உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளைக் கொடுத்த பின்னரே வேலை. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் தாங்கியாகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை வைத்தல் வேண்டும். பின்சில்லை உயர்த்திக் கைப்பிரேக்கை விடுவித்தபின் காரைப் பிடித்து நிறுத்துவது அக்கட்டை ஒன்றே.

பழைய பிரேக் கட்டைகளிற் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. உருளியைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசி பறக்கச் செய்யும் பழக்கத்தை அடியோடு ஒழித்தல் வேண்டும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. அவ்வேளை குழந்தைகள் அருகில் நிற்கலாகாது.

கட்டைகளை நெருக்குதல்

இவ்வேலையைப் பொறுமையுள்ள எவரும் வீட்டிலே செய்யலாம். மொரிஸ் மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிற்றுருளைகளும் இரண்டு நெருக்கு திருகுகளும் உண்டு. பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒரு திருகு மட்டுமே. சில்லை உயர்த்திக் கழற்றி, உருளியின் முகத்திலுள்ள துளை திருகுக்கு நேரே வரும்வரை அதனைச் சுழற்றுக. துளையினூடாகத் திருப்புளியை விட்டு, கடிகார முட்செல்லும் திசையில் உருளி இறுகும்வரை திருப்பி, பின்னர் ஒரு பல் அளவு பின்னோக்கி விடுக. உருளி தடையின்றிச் சுழலல் வேண்டும். முன்சில்லின் இரண்டாம் திருகுக்கும் அவ்வாறே. ஒரு பக்கத்தைச் செய்து மறுபக்கத்தை மறுநாளைக்கு விடலாகாது. பிரேக் ஒருபுறம் இழுத்தால், காற்று வீசும் தாம்போதியிலே கார் எப்பக்கம் திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்கட்டைகளை நெருக்கினாலே பெரும்பாலும் கைப்பிரேக்கும் சரியாகிவிடும். அதன் கம்பியை மட்டும் இறுக்கிக் குறையை மறைத்தல் முறையன்று. கடற்கரை வீட்டிலே காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்போர், கைப்பிரேக்கை இழுத்து விட்டுச் செல்லாது, சில்லுக்கு அடைக்கட்டை வைப்பது நன்று. இழுத்த நிலையில் கிடக்கும் கட்டைகள் ஈரத்தினால் உருளியோடு ஒட்டிக்கொள்ளும்.

காற்றை வெளியேற்றுதல்

இதற்கு இருவர் தேவை. ஒரு குடும்பம் சேர்ந்து செய்யத்தக்க வேலை. உயரம் வளர்ந்த மகனோ மகளோ மிதியருகே அமரலாம். தந்தை சில்லருகே இருக்கலாம். முதன்மை உருளைக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லில், அதாவது இடது பின்சில்லில், தொடங்கி, மிக அண்மையிலுள்ள வலது முன்சில்லில் முடித்தல் வேண்டும். காற்றுத் திருகின் முனையில் ஒரு மெல்லிய குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது புதிய திரவம் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்துக. "மிதி" என்றதும் மிதியை மெல்ல அழுத்தி, "மிதித்தாயிற்று" என்று மறுகுரல் வரல் வேண்டும். திருகை அரைச் சுற்றுத் திறந்ததும் திரவமும் குமிழிகளும் வெளிவரும். திருகை மூடிய பின்னரே "விடு" என்று சொல்லல் வேண்டும். இவ்வொழுங்கு தவறினால், வெளியேறிய காற்று மீண்டும் உட்புகும். குமிழிகள் நிற்கும்வரை தொடர்க. இடையிடையே முதன்மை உருளையிற் புதிய திரவம் ஊற்றிக்கொண்டிருத்தல் வேண்டும். வெளிவந்த பழைய திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. வர்ணத்தின்மேல் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுக. அன்றேல் வர்ணம் உரிந்துவிடும்.

ஸ்டியரிங்கின் சேதி

மொரிஸ் மைனர் தன் காலத்திலே புகழ்பெற்றதற்குரிய காரணங்களில் ஒன்று அதன் ஸ்டியரிங். பற்சட்டமும் சிறு பற்சில்லும் ஒன்றையொன்று பற்றி நேரடியாக இயங்கும் எளிய அமைப்பு அது. திருப்பிய கையின் விருப்பத்தை உடனே சில்லுக்குச் சொல்லும். அப்பற்சட்டத்தின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகள் உள்ளன. உறை கிழிந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் ஒழுகும். மணலும் உப்பும் அவ்விடத்தை நிரப்பும். உறையின் விலை சிறிது. பற்சட்டத்தின் விலை பெரிது. கிழிசலைக் கண்ட அன்றே மாற்றுவதே சிக்கனம்.

இனி நாம் சொல்லவிருப்பது இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி. மொரிஸ் மைனரின் முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேல்முனையும் கீழ்முனையும், புரியிட்ட இரண்டு தாங்கிகளுக்குள்ளே திரும்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் செலுத்த ஒரு முலைக்குமிழ் உண்டு. கிறீஸ் இன்றி மணலும் உப்பும் புகுந்தால் அப்புரி தேய்கின்றது. தேய்ந்து தேய்ந்து, ஒருநாள் கீழ்த்தாங்கியிலிருந்து தண்டு கழன்று விடும். சில்லு மடிந்து, காரின் முன்மூலை தரையில் விழும். இவ்வினத்துக் காரின் பெயர்பெற்ற பலவீனம் இதுவே. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது இது நிகழ்வதால் உயிர்தப்பியோர் பலர். ஆனால் அது வீதியின் எவ்விடத்தில் நிகழும் என்பதற்கு உறுதியில்லை.

காப்பதற்கு வேண்டியது ஒரு கிறீஸ் துப்பாக்கியும் கால் மணி நேரமும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகின்றதோ அப்போது, முன்சில்லுகளை உயர்த்தி, பாரம் நீங்கிய நிலையிலே கிறீஸ் செலுத்துக. பாரம் இருக்கும்போது செலுத்தினால் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் செல்லாது. பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கிப் புதியது தலைகாட்டும் வரை செலுத்துதல் வேண்டும். கிறீஸ் ஏறாவிடின் முலைக்குமிழ் அடைபட்டிருக்கின்றது. அதனைக் கழற்றிச் சுத்தம் செய்க, அல்லது மாற்றுக. "மற்ற மூன்றுக்கும் ஏறிவிட்டதே" என்று விட்டுவிடலாகாது. விட்டுவிட்ட அந்த ஒன்றே கழலும்.

சில்லு உயர்ந்து நிற்கும்போதே இன்னொரு சோதனையும் செய்யலாம். சில்லின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இரு கைகளாலும் பற்றி முன்பின்னாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சில்லின் உருள்தாங்கியில். ஆட்டம் தொடர்ந்தால் குறை நாம் மேலே சொன்ன தண்டிலும் தாங்கியிலும். இரண்டாவதாயின் அன்றே காரை நிறுத்திவிடுதல் வேண்டும். டயரின் காற்றையும் மறவாதீர்கள். மொரிஸ் மைனரின் முன்டயருக்கு 22 இறாத்தல் அழுத்தமே போதும். குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

கண்டுபிடித்தல், கழுவுதல், கிறீஸ் இடுதல், கட்டை நெருக்குதல், காற்று வெளியேற்றுதல்: இவை வீட்டு வேலைகள். முதன்மை உருளையைப் பிரித்தல், குழாய் முனைகளை விரித்துப் பொருத்துதல், தாங்கிகளை மாற்றுதல், முன்சில்லுகளின் கோணத்தை அளந்து சீராக்குதல்: இவை கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலைகள். தன் எல்லையை அறிந்து நிறுத்திக்கொள்ளும் உரிமையாளனுக்கே மெக்கானிக்கும் மதிப்பளிப்பான். "எனது காரில் இடது முன்சில்லின் கீழ்த்தாங்கி ஆடுகின்றது" என்று சொல்லக்கூடியவனிடம் வேண்டாத வேலைக்குக் கூலி கேட்பாரும் இலர்.

எவ்வேலை செய்தாலும், முடிந்தபின் நேரே வீதிக்குப் போகாதீர்கள். வளவிலேயே நடைவேகத்தில் ஓட்டி, மிதித்து, திருப்பிப் பாருங்கள். பின்னர் ஆளரவமற்ற வெளியிலே சிறிது வேகத்தில் மீண்டும் பாருங்கள். அப்போது காரில் ஓட்டுபவர் மட்டுமே இருத்தல் வேண்டும்.

வீட்டிலுள்ள மாணவர் ஒருவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, கிறீஸ் இட்ட நாள், திரவம் மாற்றிய நாள், அப்போது மானியிற் கண்ட மைல் ஆகியவற்றை எழுதி வரச் செய்யுங்கள். மூன்றாம் மாதம் பிறந்ததும், "அப்பா, நாள் வந்துவிட்டது" என்று அப்பிள்ளையே நினைவூட்டும். மனிதர் மறப்பர், எழுதிய ஏடு மறவாது.

பழைய காரைப் பேணுதல் ஒரு பெருமை என்று சிலர் கருதுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் அக்காரினுள்ளே பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். வெளியே சைக்கிளிற் பள்ளி செல்லும் சிறுவரும், மீன் கூடையோடு செல்லும் வியாபாரியும், வழிவிட அறியாத கழுதையும் இருக்கின்றன. அவர்களுட் பலர் நமது காரின் வயதையும் அழகையும் அறியார். அது நிற்குமா என்பது மட்டுமே அவர்களுக்கு வேண்டியது. வருகின்ற ஞாயிறு காலையில் வாளியும் மின்சூளும் எடுத்துக்கொண்டு, விரிப்பை நீக்கி, அந்தச் சிறு மூடியைத் திறந்து பாருங்கள்.